ஜிபி கணக்குப் பார்த்து பில் போடுவதில் என்ன தப்பு?

கம்பிக்காரன்:
சின்ன அளவில் இணைய சேவை நடத்துகிறேன். எல்லாருக்கும் ஒரே மாதக் கட்டணம். நாலைந்து பேர் ராப்பகலாக எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மின்னஞ்சல் மட்டும் பார்ப்பவரும் அதே பணம்தான் கட்டுகிறார். இனி ஜிபி கணக்கில் பில் போடலாம் என்றிருக்கிறேன். இணைபவர்களைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் ரேடியஸ் சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது, ஒவ்வொருவர் பயன்பாடும் அதில் பதிவாகிறது. இதில் என்ன தப்பு?

பழைய பில்:
தப்பு அந்தப் பதிவில்தான். முன்பு நான் வைத்திருந்த இணைப்பில் ஒரு மாதம் 212 ஜிபி என்று பில் வந்தது. என் ரௌட்டர் காட்டியது 197. போன் போட்டுக் கேட்டால் "எங்க சிஸ்டம் சொல்றதுதான் கணக்கு" என்றார்கள். தராசு அவர்களுடையது, எடைக்கல்லும் அவர்களுடையது.

ராத்திரி ஷிப்ட்:
அது திருட்டு இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று எடுத்திருப்பார்கள். உங்கள் ரௌட்டர் 1024ஐ மூன்று முறை பெருக்கி எடுக்கிறது. 212ஐ அப்படி மாற்றிப் பாருங்கள், 197தான் வரும். ஆனால் அதை பில்லில் சொல்லாமல் விட்டது தப்புதான்.

கம்பிக்காரன் கவனத்துக்கு: ரேடியஸில் பைட் எண்ணும் புலம் 32 பிட். 4,294,967,296 வந்ததும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை சுற்றியது என்பது கிகாவேர்ட்ஸ் என்ற தனிப் புலத்தில் வரும். உங்கள் டேட்டாபேஸ் டேபிளில் அது இருக்கிறதா?

கம்பிக்காரன்:
பார்த்தேன். இல்லை. ஒரே செஷனில், அதாவது ஒருமுறை இணைந்ததிலிருந்து துண்டிக்கும் வரை, 50 ஜிபி ஓட்டியவருக்கும் 4க்குள்தான் ஏறியிருக்கிறது. சரி, சேர்த்துக்கொள்கிறேன். நஷ்டம் எனக்குத்தானே, கஸ்டமருக்கு இல்லையே?

ராத்திரி ஷிப்ட்:
மறுபக்கமும் உண்டு. செஷன் நடுவில் வரும் இன்டரிம் அப்டேட், தொடக்கத்திலிருந்து ஆன மொத்தத்தைச் சொல்லும். மணிக்கு ஒரு ஜிபி ஓட்டினால் 1, 2, 3 என்று வரும். கடைசி எண்ணை எடுக்காமல் மூன்றையும் கூட்டினால் 6. இதைக் கூட்டி பில் அனுப்பியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரேடியஸ் பதிவில் வரும் இன்புட், அவுட்புட் இரண்டும் உங்கள் கருவியின் பக்கத்திலிருந்து எழுதியவை. கஸ்டமரின் டவுன்லோட் அங்கே அவுட்புட்.

கம்பிக்காரன்:
அண்ணா, இதெல்லாம் சரிசெய்யக்கூடிய பிழைகள். கொள்கையில் என்ன குறை? அதிகம் எடுப்பவர் அதிகம் கட்டட்டும்.

ராத்திரி ஷிப்ட்:
கொள்கையிலேயேதான் குறை. நீங்கள் மேலே உள்ள பெரிய நிறுவனத்திடம் பேண்ட்வித் வாங்குவது எப்படி? 95ஆவது பர்சென்டைல் முறை என்றால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தின் அளவு, 30 நாளில் 8640. உச்சத்திலிருக்கும் 432ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தில் பெரியதற்குப் பணம். அதாவது செலவைத் தீர்மானிப்பது நெரிசல் நேரம்தான். விடிகாலை 3 மணிக்கு 100 ஜிபி இறக்குபவரால் உங்களுக்கு ஒரு பைசாகூடச் செலவு ஏறாது. மாலையில் எல்லாரோடும் சேர்ந்து வீடியோ பார்க்கும் சாதுவான ஆளால்தான் ஏறும். ஜிபி பில் தவறான ஆளை அடிக்கிறது. வேகத்துக்கு விலை வையுங்கள்.

கம்பிக்காரன்:
3 மணிக்கு இறக்குபவர் மாலையில் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டா தூங்குகிறார்? என் டிராஃபிக் கிராஃபில் அவர்கள்தான் சாயங்காலமும் மேலே நிற்கிறார்கள். வேண்டுமானால் நள்ளிரவுக்கு மேல் எண்ணாமல் விடுகிறேன். வேகத்துக்கு விலை வைத்தால் மின்னஞ்சல்காரருக்கு மட்டமான இணைப்புதான் மிஞ்சும். அவருக்கும் வேகம் வேண்டும், கொஞ்ச நேரம் மட்டும்.

பழைய பில்:
அந்தக் கடைசி வரி நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்காத டிராஃபிக்? யாரோ என் ஐபி முகவரி மேல் குப்பையைக் கொட்டினால் அதுவும் என் கணக்கில்தானே ஏறும்? ரௌட்டரையே அணைத்து வைப்பதா?

கம்பிக்காரன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. புகார் வந்தால் கழித்துக்கொடுப்பேன்.

பழைய பில்:
புகார் கொடுக்க முதலில் எனக்குக் கணக்குத் தெரிய வேண்டுமே. நாள்வாரியாகக் காட்டுவீர்களா?

கம்பிக்காரன்:
சரி, இரண்டு மாதம் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறேன், பணம் வாங்கப் போவதில்லை. அவரவர் ரௌட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ராத்திரி ஷிப்ட்:
பக்கத்திலேயே 1000ஆ 1024ஆ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதமும் போன் எடுத்தே ஓய்ந்துபோவீர்கள்.