மறுமொழி: மாறும் ஏரியோடு வாழும் மக்களைப் பற்றிய ஆய்வு – கலைச்சொல்

நண்பர்களே, நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரியோடு வாழும் மக்களைப் பற்றிய ஆய்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை வந்த இரண்டு சொற்களுமே எனக்கு ஒட்டவில்லை.

> ஏரி மானிடவியல் என்றே வைத்துவிடலாம், எளிமை.

எளிமைதான். ஆனால் ஏரி ஓரிடத்தில் கிடக்கிறது, மக்கள் கரையில் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணம்தானே அதில் வருகிறது? இந்த ஆய்வு பேசுவது ஓரிடத்தில் கிடக்காத ஏரியை. கம்போடியாவின் தொன்லே சாப் வறண்ட மாதங்களில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மேக்கோங் வெள்ளம் வந்து சாப் ஆற்றையே எதிர்த்திசையில் ஓட வைக்கும்போது 15,000 வரை பரவுகிறது, மக்கள் மிதக்கும் வீடுகளை இழுத்துக்கொண்டு தண்ணீரோடே போகிறார்கள். 1960களில் 25,000 சதுர கிலோமீட்டர் வாக்கில் இருந்த சாட் ஏரி 1980களில் பத்தில் ஒரு பங்காகிவிட, வெளியே வந்த வண்டலில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைத்தார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் சேலம் மாவட்டத்து மேட்டூர் போதும். 1934இல் கட்டி முடித்த அணை, முழு மட்டம் 120 அடி. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி வாக்கில் கிடந்த தண்ணீர் அந்த மாதம் முடிவதற்குள் 120ஐத் தொட்டுவிட்டது. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான் இங்கே கரை எங்கே இருக்கும் என்று முடிவு செய்கிறது. தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் அணை நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும், பழைய தேவாலயக் கோபுரம் வரும், பின்னாலேயே தொலைக்காட்சிக்காரர்களும் வருவார்கள். அந்த ஈர நிலத்தில் ராகி, எள், நிலக்கடலை போடுகிறவர்கள் பக்கம் கேமரா அதிகம் திரும்புவதில்லை. நிலம் அரசுடையது, பட்டா கிடையாது, தண்ணீர் ஏறினால் வெள்ளாமை உள்ளே போய்விடும். அப்படியிருக்க யார் எந்தத் துண்டில் ஏர் ஓட்டுவது என்பதை ஊர் எப்படித் தீர்த்துக்கொள்கிறது? மானிடவியல் படித்தவர் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியது இதைத்தான். மீனவர்களும் கொட்டகையைப் பிரித்து நீரோரமாகக் கொண்டுபோவார்கள், ஏறினால் மறுபடி மேலே.

> அப்படியானால் உள்வாய் மானிடவியல்?

உள்வாய் நல்ல பழைய சொல், ஏரிக்குள் நீர் நிற்கிற நிலம். பனமரத்துப்பட்டி ஏரியைப் பற்றி எழுதினால் நானே பயன்படுத்துவேன். ஆனால் உள்வாய் என்றால் ஒரு கரை கட்டியிருக்க வேண்டும், தொன்லே சாப்புக்கு யார் கரை கட்டினார்கள்? அப்புறம் பல் மருத்துவர்கள் வேறு சண்டைக்கு வருவார்கள்.

நான் முன்வைப்பது நகர்கரை. வினைத்தொகை, அதனால் நகர்ந்த கரை, நகர்கிற கரை, இனி நகரப்போகும் கரை மூன்றும் அதில் அடக்கம். மூழ்கிய ஊர், இன்று பரிசல் கட்டியிருக்கும் இடம், தண்ணீர் எப்போது ஏறும் என்று கணக்குப் போட்டு விதைக்கிற துணிச்சல், மூன்றுமே ஆய்வுக்குப் பொருள் என்பதால் இது வெறும் இலக்கண அழகு அல்ல. கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்: நகர்கரை மானிடவியல், நகர்கரை வேளாண்மை, நகர்கரை உரிமை.

ஒரு சிக்கல் உண்டு. யாராவது நடுவில் ஒரு க் சேர்த்து ‘நகர்க்கரை’ என்று அச்சடித்தால் ஊருக்குள் இருக்கும் ஏரியின் கரையாகிவிடும், சேலத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரி மாதிரி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று ஒரு குறிப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். ‘மாறுகரை’யும் யோசித்தேன், மறுகரை என்றே காதில் விழுகிறது.

பொறியாளர்கள் ட்ராடவுன் ஸோன் (drawdown zone) என்று சொல்வது தண்ணீர் இறங்கும்போது வெளியே வரும் நிலத்தை மட்டும், அதற்குத் தனிச்சொல் வேண்டும். நாளிதழ்கள் அதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கின்றன, கர்நாடகத்தில் மழை பெய்யும் இடத்தையும் அதே பெயரால் எழுதுகின்றன, படிப்பவர் பாடு திண்டாட்டம். ‘இறங்குமட்ட நிலம்’ சரிவருமா என்று நீர்வளத்துறையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். மானிடவியலா மானுடவியலா என்ற பஞ்சாயத்தை மட்டும் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.