கப்பல் ஏறும்போது பெட்டியைப் போர்ட்டர்கிட்ட குடுக்கலாமா, கையோட இழுத்துட்டுப் போறதா?

மூடுபனி:
விஷயம் இதுதான். தலவாக்கலைப் பக்கம் மூணு குடும்பம், 11 பேர், 9 பெட்டி. வேன்ல கட்டுநாயக்க விமான நிலையம், அங்கிருந்து சிங்கப்பூர், மறுநாள் மரினா பே குரூஸ் சென்டர்ல கப்பல். நாலு ராத்திரிப் பயணம். பெட்டிகளைத் துறைமுகத்துல போர்ட்டர்கிட்ட குடுக்கிறதா, அவங்கவங்க கையோட கொண்டு ஏறுறதான்னு கேக்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க வாங்க.

பண்டாரவளை_அக்கா:
கையோடதான். நாலு ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு சின்ன டிரொலி தாராளம். போர்ட்டர்கிட்ட குடுத்த பெட்டி கெபின் வாசலுக்கு வர சாயங்காலம் ஆகும், சில நேரம் ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சும் வராது. இறங்கும்போதும் தொல்லைதான். முந்தின ராத்திரி 10, 11 மணிக்குள்ள கட்டி வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க. காலையில போடுற உடுப்பையும் சேர்த்துக் கட்டிட்டு, இரவு உடுப்போட இறங்கிற ஆள் எந்தக் கப்பல்லயும் ஒருத்தராவது இருப்பார். கையோட இறங்கிறவங்களுக்கு இந்தக் கரைச்சலே இல்லை.

கண்டி_கடலோடி:
அக்கா, ரெண்டு இளவட்டம் போனா நீங்க சொல்றது சரி. 11 பேர்ல வயசானவங்க, பிள்ளைகள் இருப்பாங்களே? கெபினைப் பெரும்பாலும் பகல் ஒரு மணிக்கு மேலதான் திறப்பாங்க. 11 மணிக்கு ஏறினா, அதுவரைக்கும் 9 பெட்டியையும் சாப்பாட்டு மண்டபத்துல இழுத்துட்டு அலையணும். பெட்டி மாறுறதே அந்த நெரிசல்லதான். ஒரே மாதிரிக் கறுப்பு டிரொலி அஞ்சாறு சுவரோரமா நிக்கும், சாப்பிட்டு எழும்பினவர் பக்கத்துல இருந்ததை இழுத்துட்டுப் போயிருவார்.

போர்ட்டர் வழியில பெட்டி தொலையிறது அபூர்வம். பிந்துறதுதான் நடக்கும், அதுக்கும் பாதிக் காரணம் டேக், அதாவது நாமளே அச்சடிச்சுப் பெட்டியில கட்டுற கப்பல் அடையாளச் சீட்டு, கட்டின விதம். கப்பல்ல பேரைப் பார்த்துப் பிரிக்கிறதில்லை, கெபின் நம்பரைத்தான் பார்ப்பாங்க. முதல் ஒண்ணு அல்லது ரெண்டு இலக்கம் தளம். 8214ஐ 8241னு எழுதினா அதே தளத்துல வேற கதவுக்குப் போகும், 9214ன்னா தளமே மாறும். கையால எழுதும்போது 1ம் 7ம் நல்லாத் தெரியிற மாதிரி எழுதணும்.

ஹட்டன்_டிக்கட்காரர்:
ஒரு திருத்தம். மலிவு விலைக்குப் புக் பண்ணினா சில நேரம் நம்பரே குடுக்க மாட்டாங்க, கெபின் வகை மட்டும்தான் உறுதி. நம்பர் பிறகு வரும். அதுக்கு முன்னாலயே டேக் அச்சடிச்சா நம்பர் இடம் காலியா வரும். இலவசமா மேல் வகைக் கெபின் குடுத்தாலும் பழைய டேக் பிழையாப் போயிரும். அதனால கடைசி அச்சு கிளம்புறதுக்கு முதல் நாள். கொமினிகேசன் கடையில ஏ4 தாள்ல, அளவைச் சுருக்காம, பெட்டிக்கு ரெண்டு பிரதி எடுக்கச் சொல்லுங்க.

பேரும் பிரச்சினைதான். நம்ம ஆட்கள் கடவுச்சீட்டுல குடும்பப் பேர் இருக்கிற இடத்துல அப்பா பேர் இருக்கும். புருஷன், பொண்டாட்டி, மகன் மூணு பேருக்கும் மூணு குடும்பப் பேர். ஒரே வீட்டுப் பெட்டின்னு பேரை வச்சு யாருக்கும் தெரியாது. டிக்கட், டேக் எல்லாம் கடவுச்சீட்டுல உள்ளபடி இருக்கணும், இனிஷியல் வேணாம்.

பண்டாரவளை_அக்கா:
சரி, நம்பர் சரியாவே இருக்கட்டும். கடதாசி டேக் கிழிஞ்சா? ஆடி மழையில தலவாக்கலையில வேன் ஹூட்ல ஏத்தின பெட்டியில கட்டியிருந்தா, கினிகத்தேனை தாண்டுறதுக்குள்ள கூழாகிடும்.

கண்டி_கடலோடி:
வீட்டுல யாரு கட்டச் சொன்னா? கப்பல் டேக்கைச் சிங்கப்பூர் ஹோட்டல்ல, கப்பல் ஏறுற அன்னைக்குக் காலையில கட்டணும். ஊர்லயே கட்டினா விமான நிலையப் பெல்ட்டுல பிய்ஞ்சிரும். நீளவாக்குல நாலா மடிச்சு, கைப்பிடியைச் சுத்தி மூணு ஸ்டேப்ளர், பார்கோட்டுல ஊசி குத்தக் கூடாது, மேல செலோடேப். பக்கத்துக் கைப்பிடியில ரெண்டாவது பிரதி.

அதுக்கு முன்னால பழைய விமான டேக்கைக் கழட்டுங்க. நீளத் துண்டை எல்லாரும் கிழிப்பாங்க, பெட்டி ஓரத்துல ஒட்டின சின்னப் பார்கோட் ஸ்டிக்கரை விட்டுருவாங்க. பிளாஸ்டிக் சுத்தியிருந்தா அதையும் வெட்டி எடுங்க.

மூடி உள்பக்கம் ஒரு தாள்: பேர், கப்பல் பேர், புறப்படுற திகதி, கெபின் நம்பர், போன் நம்பர். போனை 077ன்னு தொடங்காம, முன் சைபரை எடுத்துட்டு +94 போட்டு எழுதுங்க. கடல்ல சிக்னல் இருக்காது, அதனால ஊர்ல இருக்கிற ஒருத்தர் நம்பரும் வேணும். வெளியில வீட்டு விலாசம் வேணாம், வீடு பூட்டிக் கிடக்குன்னு நாமளே போர்டு போட்ட மாதிரி.

பதுளைப்_பொடியன்:
ஒவ்வொண்ணுலயும் ஏர்டேக், அதான் பெட்டி இருக்கிற இடத்தைப் போன்ல காட்டுற ஆப்பிள் வில்லை, போட்டா வேலை முடிஞ்சதே?

ஹட்டன்_டிக்கட்காரர்:
விமான நிலையத்துல சரி தம்பி. அது தானா இடம் சொல்றதில்லை. பக்கத்துல போற ஐபோன் ஒண்ணு இன்டர்நெட்ல இருந்தாத்தான் சொல்லும். கப்பல் உள்ளே இரும்புச் சுவர், பாதிப் பேர் டேட்டாவை அணைச்சிருப்பாங்க. பெட்டி கரையிலயே நின்னுட்டதான்னு பார்க்க உதவும், எந்த வாசல்ல கிடக்குன்னு காட்டாது.

உண்மையில பெட்டி காணாமப் போனா, கூடுதலா அது விமானத்துலதான். கட்டுநாயக்கவுல 9 பெட்டிக்கும் 9 ரசீது ஒட்டு இருக்கான்னு எண்ணுங்க. சிங்கப்பூர்ல ஒண்ணு வரலைன்னா, மண்டபத்தை விட்டு வெளியே வர முன்னாலயே கவுண்டர்ல பி.ஐ.ஆர். (பெட்டி வரலைங்கிற முறைப்பாட்டுப் படிவம்) பதிஞ்சு, கப்பல் பேரும் எந்தத் திகதி எந்தத் துறைமுகம்ங்கிறதும் குடுங்க. கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்ச் சேர்றது அதுக்குத்தான். விமானப் பயணத்துக்கான மொன்றியல் ஒப்பந்தப்படி பிந்தின பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ள, உடைஞ்சதுக்கு 7 நாளுக்குள்ள எழுத்துல முறைப்பாடு போகணும்.

பண்டாரவளை_அக்கா:
அதுக்குத்தான் ஒருத்தர் துணியில ஒரு செட்டை இன்னொருத்தர் பெட்டியில வைக்கிறது.

கண்டி_கடலோடி:
ஒரே கெபின்காரங்களுக்குள்ள மட்டும். மூணு குடும்பமும் கலந்து வச்சா, ராத்திரி 9 மணிக்கு எட்டாம் தளத்துக்கும் அஞ்சாம் தளத்துக்கும் நடக்கணும்.

இன்னொண்ணு, "பெட்டி வரலை"ன்னு நிறையப் பேர் நினைக்கிறது செக்யூரிட்டி அறையில நிக்கும். எக்ஸ்ரேயில அயர்ன் பொக்ஸ், கேத்தல், தண்ணியில போடுற ஹீட்டர் கம்பி, ரைஸ் குக்கர், கத்தி தெரிஞ்சா பெட்டியை எடுத்து வச்சிட்டு உங்களைக் கூப்பிடுவாங்க. மெழுகுதிரி, சாம்பிராணியும் அப்படித்தான். கற்பூரத்தை விமானத்துலயே எடுக்க மாட்டாங்க. ஏழு மணிக்கும் பெட்டி இல்லைன்னா விருந்தினர் சேவை மேசைக்குப் போய், முதல்ல இதைத்தான் கேக்கணும்.

பண்டாரவளை_அக்கா:
இதுல சண்டை இல்லை. ஆனா கடவுச்சீட்டு, மருந்து, இன்சுலின், பணம், ஒரு மாத்துடுப்பு, பவர் பேங்க் எந்தக் காரணத்துக்கும் போர்ட்டர் கைக்குப் போகக் கூடாது. "கொஞ்ச நேரம்தானே"ன்னு மாமா மருந்தைப் பெரிய பெட்டியில வைக்கிறதுதான் நம்ம ஆட்கள் வழக்கம்.

கண்டி_கடலோடி:
அப்ப இப்படி. பெரிய பெட்டி நாலு போர்ட்டர்கிட்ட, சின்னது அஞ்சு கையோட. இறங்கும்போது பெரியது நாலுக்கும் கலர் டேக் குடுப்பாங்க, கீழ மண்டபத்துல கலர்படி அடுக்கியிருப்பாங்க. சாரி விளிம்புத் துணி ஒரு துண்டு கைப்பிடியில கட்டினா தூரத்துலயே தெரியும். சிவப்பு ரிப்பன் எல்லாரும் கட்டுவாங்க.

பண்டாரவளை_அக்கா:
நாலு இல்லை, ரெண்டு.

மூடுபனி:
சொந்தக்காரங்களுக்குத் தேயிலைப் பெக்கட் 6 கிலோ இருக்காம். எந்தப் பெட்டியில?

ஹட்டன்_டிக்கட்காரர்:
எதுலயும் வேணாம், முதல் நாள் ராத்திரியே சிங்கப்பூர்ல குடுத்துருங்க. காலையில டாக்சிக்காரர்கிட்ட வெறுமனே "குரூஸ் சென்டர்"னு சொல்லாதீங்க. ஹார்பர்ஃப்ரண்ட்ல இன்னொண்ணு இருக்கு. "மரினா பே"ன்னு முழுசா சொல்லுங்க, எம்.ஆர்.டி. ரயில்ன்னா மரினா சவுத் பியர் ஸ்டேஷன். ரெண்டு டாக்சியில பெட்டியைப் பிரிச்சு ஏத்தினா, எதுல எத்தனைன்னு வாட்ஸ்அப்புல போட்டுட்டு ஏறுங்க.