வாடைக் காலத்து இருட்டில் நாயுடன் நடப்பது எப்படி?

கேள்வி (தேவிபட்டினம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கன்னி என்னும் நாட்டு இனத்தைச் சேர்ந்த மூன்று வயது நாய் ஒன்று இருக்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு. கால்களிலும் புருவத்துக்கு மேலும் மட்டும் செம்பழுப்பு. இராமநாதபுரத்தில் வேலை முடிந்து நான் வீடு வந்து சேர ஆறரை மணி ஆகிவிடும். வைகாசியில் அந்நேரத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். கார்த்திகையிலோ ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, மழை மூட்டமும் மின்தடையும் சேர்ந்துகொண்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையே கண்ணுக்குத் தெரிவதில்லை. சென்ற வாரம், முகப்பு விளக்கு எரியாத ஒரு மோட்டார் சைக்கிள் அவளை உரசாத குறையாகக் கடந்து போனது. ஓட்டி வந்தவர் திரும்பி வந்து, நாய் நின்றதே தெரியவில்லை என்று வருந்தினார். கைநடுக்கம் நிற்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நடையை நிறுத்தினால் அவள் இரவெல்லாம் முற்றத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். சாலையோரம், கடற்கரை என்று இரண்டு வழிகள் உள்ளன. எதில், எப்படி நடப்பது நல்லது?

மறுமொழி (மண்டபம்)

தங்கைக்கு வணக்கம். நீண்ட காலம் லாரி ஓட்டியவன் என்ற முறையில், ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். கண்ணில் பட்டதை மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 20 மீட்டருக்கு மேல் போயிருக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையில், விளக்கைத் தாழ்த்திப் போட்டிருக்கும்போது, கறுப்பு நாய் அவ்வளவு தொலைவிலிருந்து தெரியவே தெரியாது.

ஆகவே சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். நாய் உங்களுக்கும் வலப்பக்கத்தில், மண்தரையில் வரட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாயின் கண் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. வண்டியை நோக்கி நடக்கும் நாயின் கண்கள்தாம் எங்களுக்கு முதலில் மின்னும்.

லாரியின் பின்புறம் ஒட்டுகிறோமே, அந்த ஒளிரும் பட்டை வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். துணியில் தைக்கக்கூடிய வகையும் உண்டு. அதை வாங்கி நாயின் மார்புப் பட்டையின் இரு பக்கங்களிலும், உங்கள் கணுக்காலிலும் வைத்துத் தையுங்கள். அசையும் காலில் உள்ள பட்டைதான் சட்டையில் உள்ளதைவிட விரைவாகக் கண்ணை இழுக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தப் பட்டை, பிறர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். உங்களை நெருங்கிய மோட்டார் சைக்கிளில் விளக்கே இல்லையே! அத்தகையவர்களுக்காக, தானே எரியும் சிறு விளக்கு ஒன்று நாயின் கழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மறுமொழி (பாம்பன்)

அக்கா, கடற்கரையில் வண்டி வராது என்று நம்பி இருட்டில் இறங்கிவிடாதீர்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துப் பாசியோடு பலவற்றையும் கரையில் தள்ளும். அறுந்த வலைத்துண்டு, தூண்டில் முள், திருக்கையின் வால்முள் எல்லாம் அந்தப் பாசிக்குள் கிடக்கும்.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது பேத்தை மீனை. வலையில் சிக்கும் பேத்தையை நாங்கள் கரையிலேயே வீசிவிடுவோம். வயிறு உப்பிப் பந்துபோலக் கிடக்கும் அதை நாய் ஆசையோடு கவ்வும். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. அதற்கு முறிமருந்தும் இல்லை. எங்கள் வீட்டு நாயின் பின்னங்கால்கள் முதலில் துவண்டன, பிறகு மூச்சு நின்றது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லாமல் போயிற்று. அவன் எதைக் கவ்வினான் என்பதை அந்த இருட்டில் நான் பார்க்கவில்லை. கரைக்குப் போவதானால் பகலில் போங்கள். இருட்டில் போகத்தான் வேண்டும் என்றால், கடலுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கைக் கட்டிக்கொண்டு, கயிற்றை முழங்கை நீளத்துக்கு மேல் விடாதீர்கள்.

மறுமொழி (பெரியபட்டினம்)

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். சாலையோரக் கருவேலம் புதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருட்டை விரியனும் கட்டு விரியனும் இரவில் நடமாடுபவை. மணலை அரத்தால் தேய்ப்பது போன்ற ஓசை கேட்டால் அது சுருட்டை. அங்கேயே நின்று, நாயைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும்; கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. நஞ்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் மின்கம்பத்தையும் அதன் இழுவைக் கம்பியையும் முகர விடாதீர்கள். நாம் செருப்பு அணிந்திருக்கிறோம், அது ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறது. மற்றொன்று, கன்னியின் தலை கழுத்தைவிடக் குறுகலானது. முயல் ஒன்று குறுக்கே ஓடினால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு பாய்ந்துவிடும். மார்புப் பட்டைதான் பொருத்தம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பாம்பன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அவள் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். இனி இருட்டில் கரைக்குப் போவதில்லை. மார்புப் பட்டையை வாங்கி, ஒளிரும் பட்டையோடு தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அது கைக்கு வரும்வரை, காலையில் நன்றாக விடிந்த பிறகு எங்கள் தெருவிலேயே நான்கு சுற்று நடப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.