அட்வான்ஸ்டு லோ வராவிட்டால் ஸ்பானிஷ் பட்டம் வெறும் காகிதமா?

நடுமேற்கு வாத்தியார்:
போன வாரம் "அமெரிக்காவில் மொழிப் படிப்பு" இழையில் ரூப்ரிக்ராஜா போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "நான்கு வருஷம் ஸ்பானிஷ் மேஜர் (முதன்மைப் பாடம்) படித்தவர் ஓ.பி.ஐ. பேச்சுத் தேர்வில் அட்வான்ஸ்டு லோ என்ற நிலையை வாங்கவில்லை என்றால் அந்தப் பட்டம் வெறும் காகிதம். துறை எதையாவது கற்பித்தது என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது." அதற்கு 17 லைக் வேறு. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

பி.ஏ. ஸ்பானிஷுக்கு அட்வான்ஸ்டு லோ வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? விதி எண்ணை மட்டும் சொன்னால் போதும், கட்டுரை வேண்டாம்.

அவர் வேலை பார்க்கும் தெற்கு மாநிலங்களில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி. அதன் விதி 8.2.ஏ என்ன சொல்கிறது? மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், கற்றார்களா என்று பாருங்கள், பார்த்ததை வைத்து எதையாவது திருத்த முயன்றதற்கு ஆதாரம் காட்டுங்கள். அவ்வளவுதான். ஓ.பி.ஐ. என்ற மூன்றெழுத்தே அதில் இல்லை.

ரூப்ரிக்ராஜா:
வாத்தியாருக்கு வணக்கம். கோபம் தணியவில்லை போலிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: ஆக்ட்ஃபில் என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் சங்கத்தின் அளவுகோலில் நாவிஸ், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, சுப்பீரியர், டிஸ்டிங்விஷ்டு என்று ஐந்து படிகள். முதல் மூன்றுக்குள் லோ, மிட், ஹை என்று உட்படிகள். ஓ.பி.ஐ. என்பது பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவர் ஃபோனில் 20 முதல் 30 நிமிடம் பேசிப் பார்ப்பது. பதிவை இன்னொருவர் தனியாகக் கேட்டு மதிப்பிடுவார்.

எழுத்தில் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கான ஆக்ட்ஃபில்-கேப் தரத்தில் இருக்கிறது (கேப் என்பது ஆசிரியர் பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு). ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மனுக்கு அட்வான்ஸ்டு லோ. சீனம், ஜப்பானியம், அரபுக்கு ஒரு படி கீழே, இன்டர்மீடியட் ஹை. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஆசிரியராகப் போகிறவருக்கு அளவு உண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கிடையாதா?

நடுமேற்கு வாத்தியார்:
அது ஆசிரியர் பயிற்சிக்கு. நான் கேட்டது பி.ஏ.வுக்கு. விதி எண்?

ஹூஸ்டன் மங்கை:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஸ்பானிஷ் மேஜர், மூன்றாம் வருஷம், எல்லாப் பாடத்திலும் ஏ. சமீபத்தில் வீட்டில் குழாய் வெடித்து பிளம்பரைக் கூப்பிட்டோம். அவருக்கு ஸ்பானிஷ்தான் சௌகரியம். "எப்போது ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வால்வை மூடினீர்களா" என்று அவர் கேட்கக் கேட்க, இவள் "தண்ணீர் வருகிறது, நான் தூங்குகிறேன், அப்பா மூடுகிறார்" என்று எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொன்னாளாம். அவளே வந்து சொல்லி அழுதாள். இதைத்தான் கேட்கிறீர்களா ராஜா சார்?

ரூப்ரிக்ராஜா:
இதையேதான் மேடம்! இன்டர்மீடியட்டுக்கும் அட்வான்ஸ்டுக்கும் நடுவே இருக்கும் கோடே இதுதான். தனித்தனி வாக்கியம் பேசினால் இன்டர்மீடியட். நடந்ததை முன்பின் கோத்து, இறந்தகாலத்தின் இரண்டு வடிவங்களையும் இடம் பார்த்துப் போட்டு, எதிர்பாராத சிக்கலையும் பேசிச் சமாளித்தால் அட்வான்ஸ்டு. இலக்கணத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பி ஏ வாங்குவது வேறு, நடு வீட்டில் தண்ணீர் நிற்கும்போது வாயில் வருவது வேறு. ஏ கிரேடு எனக்கு எதையும் சொல்வதில்லை.

நடுமேற்கு வாத்தியார்:
பேஷ். இனிமேல் பிளம்பரையே வெளித்தேர்வாளராகப் போட்டுவிடலாம். அவர் கட்டணம் ஓ.பி.ஐ.யைவிட அதிகம், அது ஒன்றுதான் இடைஞ்சல்.

மங்கை, உங்கள் மகள் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள். பழியை அவள் மேல் போடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். மேஜருக்கு 33 கிரெடிட், கிரெடிட்டுக்குச் சுமார் 15 மணி நேரம், மொத்தம் 495 மணி. அதில் பாதி நாவல், வரலாறு, சினிமா. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள வகுப்பில், காலை முதல் மாலை வரை ஸ்பானிஷ் மட்டுமே சொல்லிக்கொடுக்க 600 முதல் 750 மணி எடுத்துக்கொள்கிறது.

ரூப்ரிக்ராஜா:
அந்த அதிகாரிகளின் இலக்கு அரசின் 0 முதல் 5 வரையான மொழி அளவுகோலில் 3, அதாவது கிட்டத்தட்ட சுப்பீரியர். நான் கேட்பது அதற்கு ஒரு பெரிய படி கீழே. ஒப்பிடும்போது முழுசாக ஒப்பிடுங்கள்.

நடுமேற்கு வாத்தியார்:
முழுசாகவே பார்ப்போம். மொழித் தேர்வு ஆய்வாளர் ஜான் கேரல் 1967-லேயே 203 கல்லூரிகளில் கடைசி வருஷ மொழி மாணவர்களைச் சோதித்து எழுதிவிட்டார். அதே அரசு அளவுகோலில் நடுவில் நின்றவர் 2-க்கும் 3-க்கும் இடையில்தான். முன்னே நின்றவர்கள் யார்? வெளிநாட்டில் தங்கிப் படித்தவர்கள். ஆக, ஸ்பெயினில் சாலமன்காவில் ஒரு செமஸ்டர் இருக்க அப்பாவிடம் காசு இருந்தால் அட்வான்ஸ்டு. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இன்டர்மீடியட் ஹை. நீங்கள் அளப்பது துறையையா, அப்பாவின் பர்ஸையா?

இன்னொன்று. 1996-இல் வந்த மொழிக் கல்விக்கான தேசியத் தரத்தில் தொடர்பாடல், பண்பாடு, பிற துறை இணைப்பு, ஒப்பீடு, சமூகம் என்று ஐந்து இருக்கிறது. ஓ.பி.ஐ. பார்ப்பது முதலாவதில் ஒரு பகுதியை மட்டும். பதினேழாம் நூற்றாண்டு நாடகம் ஒன்றை வரி வரியாகப் படித்து, அந்தக் கால ஸ்பெயினில் மானம் என்பது என்னவாக இருந்தது என்று ஒரு மாணவி எழுதுகிறாளே, அது கற்றல் இல்லையா? அதற்கு ஃபோன் நம்பர் எது?

ரூப்ரிக்ராஜா:
கேரல் சொல்லி அறுபது வருஷம் ஆகப்போகிறது. தெரிந்திருந்தும் துறை என்ன செய்தது? மானம் பற்றி எழுதியது.

டி.ஏ. தம்பி:
அண்ணன்மார்களே, நீங்கள் இருவரும் உள்ளே நடப்பதைச் சொல்ல மாட்டீர்கள், நான் சொல்கிறேன். எங்கள் துறையில் வருஷக் கடைசியில் மதிப்பீட்டு நாள் என்று ஒன்று. கேப்ஸ்டோன் (படிப்பின் இறுதிக்கட்ட) கட்டுரைகளைப் பெயர் மறைத்து மேஜையில் குவிப்பார்கள். ரூப்ரிக்கில், அதாவது மதிப்பெண் அட்டவணையில், 1 முதல் 4 வரை. பீட்சா வருவதற்குள் எல்லாவற்றுக்கும் 3 விழுந்துவிடும். 2 போட்டால் மேம்பாட்டுத் திட்டம் என்று மூன்று பக்கம் எழுத வேண்டும். 4 போட்டால் அடுத்த வருஷம் முன்னேற்றம் காட்ட இடம் இருக்காது. கட்டுரையில் பாதி கூகுள் மொழிபெயர்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கும் 3.

ரூப்ரிக்ராஜா:
இதற்குத்தான் வெளியாள் வேண்டும் என்கிறேன். தன் வீட்டுச் சமையலுக்குத் தானே மார்க் போடும் கூத்து.

நடுமேற்கு வாத்தியார்:
தம்பி, எந்தத் துறை என்று சொல்லாதே, அடுத்த வருஷம் ஃபண்டிங் போய்விடும்.

ராஜா, நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா? 2019-இல் சிலபஸ் சண்டையிலும் கேட்டேன், அப்போதும் பதில் இல்லை.

ரூப்ரிக்ராஜா:
தெர்மாமீட்டருக்குக் காய்ச்சல் வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நடுமேற்கு வாத்தியார்:
தெரியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

எல்பாசோக்காரி:
நான் எல்லை ஊரில் பாடம் எடுக்கிறேன். பாலம் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள். அவர்களில் பலர் முதல் நாளே அட்வான்ஸ்டு. நான்கு வருஷம் கழித்தும் அட்வான்ஸ்டு. ராஜாவின் கணக்குப்படி எங்கள் துறை ஓஹோ. உண்மையில் அவர்கள் அம்மாக்கள்தான் ஓஹோ. உள்ளே வரும்போது சோதிக்காமல் வெளியே போகும்போது மட்டும் சோதித்தால் என்ன தெரியும்?

அவர்கள் எங்களிடம் கற்பது வேறு: அறிக்கை எழுதுவது, மருத்துவமனையில் முறையாகப் பேசுவது, எழுத்து மேல் அழுத்தக்குறி எங்கே போடுவது. அதை எழுத்துத் தேர்வு கொஞ்சம் பிடிக்கும், ஃபோன் பிடிக்காது.

சிகாகோ சீனு:
அந்தப் பிள்ளைகள் பேசுவதெல்லாம் சமையலறை ஸ்பானிஷ். பி எது, வி எது என்றே எழுதத் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசும் லட்சணம்தான் அதுவும்.

எல்பாசோக்காரி:
சீனு, அந்தச் "சமையலறை ஸ்பானிஷில்" எட்டு வயதில் ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள் அவர்கள். ஸ்பானிஷ் உச்சரிப்பில் பி, வி இரண்டும் ஒன்றே. மாட்ரிட் பிள்ளைகளும் அதில் தடுமாறுவார்கள். அங்கே போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

சிகாகோ சீனு:
நான் என் கருத்தைச் சொன்னேன். அதற்குள் ஆஸ்பத்திரி, பாட்டி எல்லாம் வந்துவிட்டது.

ரூப்ரிக்ராஜா:
எல்பாசோ மேடம், நுழையும்போதும் ஒரு தேர்வு வையுங்கள் என்று நானும் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். செலவு என்று துறைகள்தான் மறுக்கின்றன.

நடுமேற்கு வாத்தியார்:
தலைக்கு நூறு டாலருக்கு மேல், அதுவும் இரண்டு தடவை. யார் கொடுப்பது? டீனா?

இவ்வளவும் எதற்காக என்றாவது யோசித்தீர்களா? 2023-இல் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உலக மொழிகள் துறையையே கலைத்தார்கள், ஸ்பானிஷ் மேஜரும் போயிற்று. அங்கே பேசப்பட்டது தலை எண்ணிக்கையும் பட்ஜெட்டும். மாணவர் என்ன கற்றார் என்றா கணக்குப் பார்த்தார்கள்? 2016-க்கும் 2021-க்கும் இடையில் நாடு முழுக்க மொழி வகுப்புச் சேர்க்கை 16.6 சதவீதம் இறங்கியது. நீங்கள் இன்னும் எக்செல் கட்டத்துக்கு வண்ணம் அடிக்கிறீர்கள்.

விதி எண் இன்னும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ரூப்ரிக்ராஜா:
சேர்க்கை ஏன் இறங்குகிறது? நான்கு வருஷம் படித்தும் பிளம்பரிடம் பேச முடியாததால் இருக்கலாம்.

ஹூஸ்டன் மங்கை:
என் மகளை விட்டுவிடுங்கள் சார். தெரியாமல் எழுதிவிட்டேன்.

டி.ஏ. தம்பி:
எங்கள் துறையில் போன வருஷம் சிக்கனம் என்று கம்ப்யூட்டர் வழி ஓ.பி.ஐ.சி. வைத்தார்கள். திரையில் ஏவா என்று ஒரு பொம்மைப் பெண் கேள்வி கேட்பாள். நீங்கள் திணறினாலும் அவள் முகம் மாறாது. ஒரு பையன் பதற்றத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

நடுமேற்கு வாத்தியார்:
இதுதான் ராஜா சொன்ன "வேறு அத்தாட்சி கிடையாது" அத்தாட்சி. பொம்மை.

ரூப்ரிக்ராஜா:
நான் சொன்னது ஓ.பி.ஐ. மட்டும். ஓ.பி.ஐ.சி. பற்றி நான் பேசவே இல்லை.

நடுமேற்கு வாத்தியார்:
பூட்டிய இழையில் இரண்டாம் பக்கத்தில் "இரண்டில் ஏதாவது ஒன்று" என்று எழுதினீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

ரூப்ரிக்ராஜா:
போடுங்கள் பார்க்கலாம்.

நடுமேற்கு வாத்தியார்:
பழைய ஃபோனில் இருக்கிறது. ராத்திரி போடுகிறேன்.

சிகாகோ சீனு:
மாட்ரிட் பிள்ளைகள் அப்படி ஒன்றும் தடுமாறுவதில்லை. என் மைத்துனர் அங்கேதான் இருக்கிறார்.

ஹூஸ்டன் மங்கை:
ஃபோன் தேர்வுக்கும் பொம்மைத் தேர்வுக்கும் கட்டணம் ஒன்றா? நாமே பணம் கட்டி எழுதலாமா? யாராவது இதற்கு மட்டும் பதில் சொல்லுங்களேன்.