நூட்கா நீரிணைக்குச் சிறு கப்பலில் செல்ல ஏற்ற காலம் எது?

கேள்வி:
வணக்கம். கனடாவில் வான்கூவர் தீவின் மேற்குக் கரையிலுள்ள நூட்கா நீரிணையைச் சிறு கப்பலில் சுற்றிவர நானும் என் கணவரும் எண்ணியுள்ளோம். திமிங்கிலங்களைவிடக் கடல் வரலாற்றில்தான் எங்களுக்கு ஈடுபாடு. எப்போது செல்லலாம்? எதைத் தவறவிடக் கூடாது?

மறுமொழி 1:
அம்மா, அங்கு மழையே பெய்யாத மாதம் கிடையாது. ஆயினும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் குறைவு. 1778-இல் பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கி, கரையோரக் காட்டு மரங்களை வெட்டிப் பாய்மரங்களைப் புதுப்பித்தது இந்நீரிணைக்குள் உள்ள பிளை தீவின் ஒரு குடாவில்தான். அவருடைய மாலுமிகள் அங்கு வாங்கிய கடல்நீர்நாய்த் தோல்கள் சீனாவின் கான்டனில் பெருவிலைக்குப் போனதால் வணிகக் கப்பல்கள் படையெடுத்தன. 1789-இல் ஸ்பானியர் பிரிட்டிஷ் கப்பல்களைக் கைப்பற்ற, இரு நாடுகளும் போரின் விளிம்புக்கே சென்றன. அச்சிக்கலைத் தீர்க்க 1792-இல் பிரிட்டனின் சார்பில் கேப்டன் வான்கூவரும் ஸ்பெயினின் சார்பில் குவாட்ராவும் நீரிணையின் வாயிலிலுள்ள யூக்வாட் என்ற ஊரில் சந்தித்துப் பேசினர். அவ்வூர்ப் பழைய தேவாலயத்தில், ஸ்பெயின் அளித்த வண்ணக் கண்ணாடிச் சன்னலில் அச்சந்திப்பைக் காணலாம்.

மறுமொழி 2:
நம் பக்கத் தொடர்பும் உண்டு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலராக இருந்த ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச், 1786-இல் பம்பாயிலிருந்து இரு கப்பல்களுடன் நூட்காவை அடைந்து, ஜான் மக்கே என்ற மருத்துவ உதவியாளரை அங்கேயே விட்டுத் திரும்பினார். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பியர் கதையோடு நின்றுவிடுவர். ஆனால் 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வாழும் மொவாச்சாட் தொல்குடி மக்களிடம் அவர்களுடைய கதையையும், அக்காலத் தலைவர் மக்வின்னாவைப் பற்றியும் கேளுங்கள்.

மறுமொழி 3:
உட்கால்வாய்களில் கடல் அமைதியாகவே இருக்கும். வெளிக்கடலை ஒட்டியதும் சிறு கப்பல் நன்றாக ஆடும். ஆகையால் குமட்டலுக்கான மாத்திரையைப் புறப்படுமுன்பே போட்டுக்கொள்ளுங்கள். குடையைக் காற்று மடக்கிவிடும். தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டையே உதவும்.