மடிக்கணினித் திரையைத் தொலைக்காட்சியில் காட்டிய அனுபவங்கள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து, ஓர் அம்மா:

மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இணைந்த கணித வகுப்பு ஜூமில் நடக்கிறது. ஆசிரியர் எழுதும் நீண்ட சமன்பாடுகளைச் சின்னத் திரையில் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தலைவலி வந்துவிடும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி ஒரு குரோம்காஸ்ட் கொண்டுவந்து தந்தான். தொலைக்காட்சியில் பூட்டினால், கணினித் திரையை வைஃபை வழியாக அதில் காட்டும் சிறிய சாதனம் அது.

முதல் சிக்கல் மின்சாரம். அந்த நாட்டு பிளக்கின் தட்டையான கால்கள் நமது சுவர்ப் பிளக்கில் ஏறாது. அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நமது 230 வோல்ட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை, மாற்று பிளக் ஒன்று போதும். வயரைக் குறைக்கலாம் என்று தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்தும் மின்சாரம் எடுத்துப் பார்த்தோம். சாதனம் இடையிடையே அணைந்து மீண்டும் எழும்பியது. யூஎஸ்பி 2.0 துளைக்கு விதிக்கப்பட்ட அளவே அரை அம்பியர்தான். சுவரில் பூட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மற்றதெல்லாம் இலகு. கைத்தொலைபேசியில் கூகுள் ஹோம் செயலியைத் திறந்து, சாதனத்தை வீட்டு வைஃபையில் சேர்க்க வேண்டும். மடிக்கணினியும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். பிறகு குரோம் உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘காஸ்ட்’ என்பதைத் தெரிவுசெய்தால், ஒரு தாவலை (டேப்) மட்டும் காட்டவா, முழுத் திரையையும் காட்டவா என்று கேட்கும். ஜூம் தனிச் செயலி என்பதால் நாங்கள் முழுத் திரையைத் தெரிவுசெய்கிறோம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. “தொலைக்காட்சியில் போட்டால் டேட்டா கூடுதலாக ஓடும், பெரிய பொதிக்கு மாறுங்கள்” என்று அக்கம்பக்கத்தில் பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டாவது மாறிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வகுப்பு இணையத்திலிருந்து மடிக்கணினிக்கு ஒரு தடவைதான் வருகிறது. அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் படம் வீட்டுக்குள்ளேயே, ரவுட்டர் வழியாகப் போய்ச் சேர்கிறது. அதற்கு வெளி டேட்டா செலவாவதில்லை. படம் திக்கித் திக்கி வந்தால் பொதியைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது பழைய வீடு, சுவர்கள் தடிப்பு. ரவுட்டரை அறையிலிருந்து ஹோலுக்கு மாற்றியதும் எழுத்துகள் தெளிந்தன.

யூடியூப் வேறு விதம். யூடியூப்பின் உள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியை அழுத்தினால், குரோம்காஸ்ட் தானே இணையத்திலிருந்து வீடியோவை எடுக்கும். கணினி வெறும் ரிமோட் மாதிரி ஆகிவிடும். தொலைக்காட்சி பெரிது என்பதால் தரத்தையும் உயர்த்திக்கொள்ளக்கூடும். அங்கேதான் டேட்டாவைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். தொலைக்காட்சியில் குரல் சிறிது பிந்தி வருகிறது. மகன் மைக்கைத் திறந்தால் அந்தக் குரல் ஆசிரியருக்கே எதிரொலியாகத் திரும்பிப் போகிறது. கேள்வி கேட்கும் நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து, கணினி திருத்துபவர்:

அக்கா டேட்டாவைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: பல வீடுகளுக்கு அந்தச் சாதனமே தேவையில்லை. கணினித் திரையை வயரில்லாமல் தொலைக்காட்சிக்கு அனுப்பும், 2012இல் வந்த மிராகாஸ்ட் என்ற முறை விண்டோஸ் 8.1 முதல் விண்டோஸின் உள்ளேயே இருக்கிறது. பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளிலும் ‘ஸ்கிரீன் மிரரிங்’ போன்ற பெயர்களில் அது உண்டு. தொலைக்காட்சியில் அதைத் திறந்துவிட்டு, மடிக்கணினியில் விண்டோஸ் விசையுடன் ‘கே’ எழுத்தை அழுத்துங்கள். தொலைக்காட்சியின் பெயர் பட்டியலில் வந்தால் அதைத் தொட்டால் போதும். இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், ரவுட்டர்கூட வேண்டாம். மடிக்கணினி பழையதாக இருந்து அதற்கு இந்த வசதி இல்லையென்றால், அதே இடத்தில் விண்டோஸ் அதைச் சொல்லிவிடும். காசு கொடுத்துச் சாதனம் வாங்குவதற்கு முன் இதை எல்லோரும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

படம் வந்தும் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். கணினியில் கோளாறு இல்லை. தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று இருப்பதைத் தெரிவுசெய்தால் முழுத் திரையும் தெரியும்.

நிலாவெளியிலிருந்து, விருந்தினர் விடுதி ஊழியர்:

எங்களிடம் தங்க வருபவர்கள் குரோம்காஸ்டையோ, அதைப் போலத் தொலைக்காட்சியில் பூட்டும் ஃபயர் டிவி ஸ்டிக்கையோ பையில் கொண்டுவருகிறார்கள். விடுதி வைஃபையில் இணைகிறது, ஆனால் மடிக்கணினிக்கு அது தெரியவே மாட்டேன் என்கிறது. சாதனம் பழுது என்று மனம் சோர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. விருந்தினர் வைஃபையில் ஒருவருடைய கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே பிரித்துவைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த அறைக்காரரும் உங்கள் தொலைக்காட்சியில் படம் போடலாம். ஆகவே அதை நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வீட்டு வைஃபையிலும் இதே மாதிரி நடந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். விண்டோஸ் உங்கள் வைஃபையைப் பொது வலையமைப்பு என்று குறித்துவைத்திருந்தால், அதைத் தனியார் வலையமைப்பு என்று மாற்றுங்கள். இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

விடுதிகளில் நான் சொல்லும் வழி, மடிக்கணினியை நேரே தொலைக்காட்சியுடன் இணைக்கும் எச்டிஎம்ஐ வயர்தான். விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் என்பதைத் தெரிவுசெய்தால் முடிந்தது. உவர்மலை அக்காவின் மகனுக்கும், மேசை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்குமானால், இதையே சொல்வேன். வயரில் எழுத்து கூர்மையாக வரும், குரலும் உணரக்கூடிய அளவுக்குப் பிந்தாது.