மாருதி 800 (1997): டேங்க் நிறைஞ்சாலும் முள் பாதியைத் தாண்டல, நாலுவழிச்சாலையில இன்ஜின் நிக்குது

வள்ளியூர்800:
கார்புரேட்டர் மாடல். ரெண்டு தொந்தரவு.

டேங்கை நிறைச்சாலும் பெட்ரோல் முள் பாதியோட நின்னுருது. பத்து லிட்டர் கிடக்கும்போதே கீழே போய்ப் படுத்துருது. பாதிக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடத்துல மட்டும் முள் பைய விழுந்து, திரும்ப எழுந்து வருது.

அடுத்தது, பாளையில இருந்து ஊருக்கு வரும்போது 70, 80-ல போனா நாங்குநேரி தாண்டுறதுக்குள்ள இன்ஜின் திணறி நின்னுருது. டேங்க் மூடியைத் திறந்தா 'புஸ்'னு சத்தம். மூடிட்டு ஸ்டார்ட் பண்ணினா ஓடுது. டவுனுக்குள்ள ஒரு கோளாறும் இல்ல. ஒர்க்‌ஷாப்ல மீட்டர், பம்ப் ரெண்டையும் மாத்தணும்ங்காங்க. மாத்திரலாமா?

அம்பை ஜீப்:
ரெண்டையும் மாத்தாதீங்க. டெம்பரேச்சர் முள் எப்படி இருக்கு? அதுவும் தாழ்வாக் காட்டினா மீட்டருக்குப் போற கரண்ட், இல்லன்னா மீட்டரோட எர்த் (பாடி வழியா பேட்டரி மைனஸுக்குப் போற இணைப்பு) பக்கம் கோளாறு. அது ஒழுங்கா இருந்தா டேங்க் பக்கம் போங்க.

வள்ளியூர்800:
டெம்பரேச்சர் முள் எப்பவும்போல நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிக்குது.

மேலப்பாளையம் ஒயரிங்:
அப்போ டேங்க் யூனிட்டையும் (டேங்குக்குள்ள ஃப்ளோட்டுங்குற மிதவையை வச்சு பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லுத சாமான்) அதோட எர்த்தையும்தான் பாக்கணும். காரணத்தைச் சொல்லிருதேன், பிறகு நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க.

இந்த மாதிரி பழைய ஜப்பான் அமைப்புல டேங்க் நிறைஞ்சா யூனிட்டோட ஓம் (கரண்டைத் தடுக்குற அளவு) குறையும், காலியானா நூறை ஒட்டி ஏறும். ஓம் கூடக்கூட முள் கீழே வரும். எர்த் துருப்பிடிச்சா அந்தத் துருவோட ஓமும் சேர்ந்துக்கும். அதனால முள் எல்லா அளவுலயும் குறைவாத்தான் காட்டும். நீங்க சொல்லுத லட்சணம் அப்படியே இதுதான். மீட்டர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க:

கீ ஆஃப். டேங்க் யூனிட்ல இருந்து மீட்டருக்குப் போற ஒயரைக் கழட்டுங்க. நிறத்தை நம்பாதீங்க, இத்தனை வருசத்துல எத்தனை கை பட்டிருக்குமோ. அந்த ஒயருக்கும் பாடி எர்த்துக்கும் நடுவுல 12 வோல்ட் 3.4 வாட் பல்பு ஒண்ணை மாட்டுங்க. எல்லாம் மாட்டின பிறகுதான் கீ ஆன். டேங்க் பக்கத்துல பொறி வரக்கூடாது. முள் பைய மேலே ஏறினா மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு. உள்ளே சூடாகி வளையுற தகடுதான் முள்ளைத் தள்ளுது, அதனால ஒரு நிமிசம் பொறுமையா பாருங்க. பல்பு இல்லாம நேரடியா எர்த் கொடுத்து வச்சிருந்தீங்கன்னா மீட்டர் காயல் போயிரும். நல்ல மீட்டரை இப்படித்தான் நிறைய பேர் கெடுக்காங்க.

அடுத்து மல்டிமீட்டரை ஓம்ல வச்சு, யூனிட்டோட தகட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல அளங்க. ஒரு ஓமுக்குள்ள இருக்கணும்.

வள்ளியூர்800:
பல்பு போட்டதும் முள் பாதியைத் தாண்டி நல்லா மேலே போச்சு. தகட்டுக்கும் மைனஸுக்கும் 27 ஓம் காட்டுது.

மேலப்பாளையம் ஒயரிங்:
கிடைச்சிருச்சு. எர்த் ஒயர் பாடியில சேருற போல்ட்டைக் கழட்டி, அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியுற வரைக்கும் தேய்ங்க. புது ரிங் டெர்மினல், நட்சத்திர வாஷர், இறுக்கின பிறகு மேலே கிரீஸ். முன்னாடியே கிரீஸ் தடவிட்டு இறுக்காதீங்க. உவரி, கூடங்குளம் பக்கம் ஓடுற வண்டின்னா வருசத்துக்கு ஒரு தடவை இதைப் பாத்துக்கிடணும், உப்புக்காத்து விடாது.

கயத்தாறு:
இவ்வளவு பாடு எதுக்கு? கடையில தனி மீட்டர் விக்காங்க, வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது.

மேலப்பாளையம் ஒயரிங்:
எர்த் கெட்டிருந்தா புது மீட்டரும் பொய்தான் சொல்லும். அதுபோக ஓம் பொருந்தணும். காலிக்கு 240, நிறைவுக்கு 33-னு ஒரு வகை. காலிக்கு 10, நிறைவுக்கு 180-னு இன்னொரு வகை. ரெண்டாவதை இந்த யூனிட்டோட மாட்டினா டேங்க் காலியாக ஆக முள் மேலே ஏறும்.

அம்பை ஜீப்:
இனி இன்ஜின் நிக்குற கதை. 'புஸ்'னு சத்தம் வந்தது சரி, காத்து உள்ளே போச்சா, வெளியே வந்துச்சா? ரெண்டும் வேற வேற நோய். நின்ன உடனே மூடியைப் பைய தளர்த்தி, பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடிங்க.

டிக்கெட் உள்ளே இழுபட்டா காத்து வழி அடைபட்டிருக்கு. பம்ப் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலன்னா டேங்க்ல வெற்றிடம் கூடிப் பம்ப் தோத்துரும். டவுனுக்குள்ள செலவு கம்மி, அதனால தெரியாது.

டிக்கெட் வெளியே தள்ளினா அது வெயில்ல பொங்கின ஆவி. மூடியைத் திறந்ததால வண்டி ஓடல, நீங்க நின்ன நேரத்துல சூடு தணிஞ்சதால ஓடுது. பம்ப் மேல ஈரத்துணி போட்டு உடனே ஸ்டார்ட் ஆனா அதுதான்னு வச்சுக்கிடலாம்.

வள்ளியூர்800:
டிக்கெட் உள்ளே இழுபட்டு மூடி விளிம்புல ஒட்டிக்கிட்டு.

அம்பை ஜீப்:
முதல்ல மூடியோட வால்வு, அப்புறம் டேங்க் மேல இருந்து வர வென்ட் குழாய். குழாயை ரெண்டு முனையும் கழட்டின பிறகுதான் காத்தடிக்கணும். டேங்க்ல மாட்டியிருக்கும்போது கம்ப்ரசர் காத்து விட்டா டேங்க் உப்பிரும். முனையில குளவி மண்ணு வச்சு அடைச்சிருக்கான்னு பாருங்க, நின்ன வண்டியில அதுக்கு அது ரொம்பப் பிடிச்ச இடம்.

வள்ளியூர்800:
குளவிக் கூடேதான் அண்ணாச்சி, விரல் கனத்துக்கு மண்ணு. எடுத்தாச்சு. இப்போ நிக்கல. ஆனா 80-ல ஏத்தத்துல லேசா இழுக்கு.

அம்பை ஜீப்:
பம்பைச் சோதிச்சிருங்க. இன்ஜின் ஆறின பிறகு, இக்னிஷன் காயல் ஒயரைக் கழட்டிட்டு, கார்புரேட்டருக்கு வர ஹோஸை ஒரு கண்ணாடி பாட்டில்ல விட்டு பத்து செகண்ட் ஸ்டார்ட்டர் சுத்துங்க. பெட்ரோல் விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையும் பலமா பீச்சணும். பீச்சல் சரியா இருந்து நடுவுல குமிழி குமிழியா வந்தா, டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல எங்கேயோ காத்து இழுக்கு. அந்த இடத்துல ஒரு சொட்டு பெட்ரோல்கூட வெளியே கசியாது. அதனாலதான் எல்லாரும் பம்பை மாத்திட்டு ஏமாறுறாங்க. குமிழி இல்லாம பீச்சல் மட்டும் சோர்ந்தா ஃபில்டர், பிறகு பம்புக்குள்ள இருக்க டயாஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளுற சவ்வு). டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பாக்குற கம்பி) மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கலாம், ஆயில் மாத்தாம ஓட்டாதீங்க.

வள்ளியூர்800:
குமிழி வருது. டேங்க் பக்கத்து ஹோஸை வளைச்சுப் பார்த்தா வெடிப்பு வெடிப்பா இருக்கு.

அம்பை ஜீப்:
பாதி மட்டும் மாத்தாதீங்க, ரப்பர் துண்டு எல்லாத்தையும் மாத்துங்க. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9'னு அச்சடிச்ச ஹோஸ் கேளுங்க, தண்ணி ஹோஸை எடுத்துத் தருவாங்க, வாங்கிராதீங்க. கிளிப் முனையில இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கணும். ஃபில்டர்ல அம்புக்குறி பம்ப் பக்கம் பாக்கணும்.

மேலப்பாளையம் ஒயரிங்:
முள் ஒரு இடத்துல மட்டும் விழுந்து எழுந்து வருதுன்னீங்களே, அது எர்த் இல்ல. யூனிட்டுக்குள்ள கம்பிச்சுருள் அந்த இடத்துல தேஞ்சிருக்கு. டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது யூனிட்டைக் கழட்டி, மல்டிமீட்டரை ஓம்ல வச்சு ஃப்ளோட் கையைப் பைய தூக்குங்க. எண்ணு ஒரே சீரா இறங்கணும். நடுவுல எகிறினா யூனிட்டை மாத்தணும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டுங்க, உள்ளே பெட்ரோல் சலசலத்தா அதுவும் போச்சு. ஈயம் வச்சு அடைக்கப் பாக்காதீங்க, உள்ளே நிக்குற ஆவி வெடிக்கும். மாட்டும்போது புது பேக்கிங் போடுங்க. சாதா சிலிக்கான் வேண்டாம், பெட்ரோல்ல ஊறி உப்பிரும்.

மாட்டின பிறகு டேங்க் கிட்டத்தட்ட காலியானதும் பங்க்ல அஞ்சு அஞ்சு லிட்டராப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிசம் கீ ஆன் பண்ணி வச்சு, முள் எங்கே நிக்குதுன்னு தாள்ல குறிச்சு டேஷ்போர்டுல ஒட்டிக்கிடுங்க. முள்ளோட பாதி எப்பவும் டேங்கோட பாதியா இருக்காது.